பாக்கெட் மெஷினில் கணக்கு தவறுவது ஏன்?

மூட்டையாக வாங்கி மூட்டையாகவே தள்ளிவிடும் வியாபாரம் குறைந்து, மொத்த வியாபாரிகளும் பாக்கெட் போட்டுக் கொடுக்க வேண்டிய நிலை வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. கோட்டாறு கம்போளத்திலிருந்து ஆரல்வாய்மொழி, தக்கலை, குளச்சல் வரை கடைகளுக்குச் சரக்கு போடும் நம்மவர்களில் பலர், மிளகாய்ப் பொடியையும் மல்லிப் பொடியையும் 50 கிராம், 100 கிராம் பாக்கெட்டாகத் தாங்களே போட்டு விற்கிறார்கள். இதற்கென்று வாங்கி வைத்திருக்கும் சிறு இயந்திரம் ஒழுங்காக ஓடினால் நல்லது. தடுமாற ஆரம்பித்தால் பிலிம் சுருளும் வீண், பொடியும் வீண். எடை குறைந்து வெளியே போன பாக்கெட்டினால் கடையின் பேரும் கெடுகிறது.

இந்த இயந்திரத்துக்கு இரண்டு வேலைகள் முக்கியம். ஒன்று, பிலிமை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரே நீளமாக இழுப்பது. மற்றொன்று, தொட்டிக்குள் இருக்கும் திருகைச் சுழற்றி அளவாகப் பொடியை இறக்குவது. பல சிறு இயந்திரங்களில் இவ்விரண்டையும் செய்வது ஸ்டெப்பர் மோட்டார். கடைப் பெயர்ப் பலகைக்கு அக்ரிலிக் எழுத்து வெட்டுகிற இளைஞர்கள் வீட்டுப் பின்கட்டில் வைத்திருக்கிறார்களே சி.என்.சி. மெஷின், அதிலும் இதே மோட்டார்தான். அங்கே எழுத்து கோணலாகிறது; இங்கே எடை குறைகிறது. நோய் ஒன்றே.

ஸ்டெப்பர் மோட்டார் மின்விசிறி மோட்டாரைப் போலத் தொடர்ந்து சுற்றுவதில்லை. படிப்படியாக நகரும். (படி என்றதும் நாழி, படி, மரக்கால் ஞாபகம் வருவது நம் தலைமுறைக்கு இயல்பு. இது மாடிப்படி.) சாதாரணமாகக் கிடைக்கும் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி வைக்கும், ஒரு படி 1.8 பாகை. கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு மின்துடிப்பு அனுப்பினால் மோட்டார் ஒரு படி நகர வேண்டும். ஆயிரம் துடிப்பு அனுப்பினால் ஆயிரம் படி. விஷயம் என்னவென்றால், மோட்டார் நகர்ந்ததா இல்லையா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைப்பையனிடம் பத்து மூட்டை ஏற்றச் சொல்லிவிட்டு, ஏறிய மூட்டையை எண்ணாமல் பேரேட்டில் பத்து என்று எழுதுவது போன்ற ஏற்பாடு இது.

இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். கடைச் சுவரில் தொங்கும் குவார்ட்ஸ் கடிகாரத்தைப் பாருங்கள். டிக் டிக் என்று நொடிக்கு ஒருமுறை முள் நகர்கிற கடிகாரத்தில் இருப்பதும் ஒரு சின்னஞ்சிறு ஸ்டெப்பர் மோட்டார்தான். உள்ளே இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணி நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பப்படுகிறது. பேட்டரி தளர்ந்தால் என்ன ஆகும்? நொடி முள் 9-க்குப் பக்கத்தில் நின்று துடிக்கும். கீழே இறங்கும்போது சிரமமில்லை. மேலே ஏறும்போது தன் எடையைத் தானே தூக்க வேண்டும், அந்தச் சுமை 9-இல்தான் அதிகம். துடிப்பு போய்க்கொண்டே இருக்கிறது, முள் நகரவில்லை. புது பேட்டரி போட்டதும் ஓடும். ஆனால் விட்ட நேரம் தானாக வராது. நாம்தான் முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். பாக்கெட் மெஷினிலும் சி.என்.சி.யிலும் நடப்பது அச்சாக இதுவே: சுமை கூடியது, அல்லது பலம் குறைந்தது, அல்லது இரண்டும்.

என் கிடங்கில் ஓடும் இயந்திரத்தில் பிலிம் நீளம் மாறத் தொடங்கியபோது வந்து பார்த்த மெக்கானிக், "அண்ணாச்சி, மோட்டார் போச்சு, போர்டும் மாத்தணும்" என்றார். இரண்டுக்கும் சேர்த்து அவர் சொன்ன தொகைக்கு அந்த மாதம் பொடி விற்ற லாபம் முழுவதும் போய்விடும். அப்போது பெயர்ப் பலகை விஷயமாக வந்திருந்த எழுத்து வெட்டும் தம்பி, "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, மோட்டாரா இல்லையான்னு பார்த்துட்டு மாத்தலாம்" என்று சொல்லி, கடைக்குப் பக்கத்திலேயே ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வரச் சொன்னார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மோட்டாரின் தண்டிலிருந்து அதன்மேல் மாட்டியிருக்கும் உருளை வரைக்கும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தார். காய்ந்ததும் அரை மணி ஓட்டினோம். கோடு இரண்டாகப் பிரிந்துவிட்டது. தண்டில் இருந்த கோடு ஓரிடத்திலும் உருளையில் இருந்தது கால் அங்குலம் தள்ளியும் நின்றன. மோட்டார் சொன்னபடி சுற்றியிருக்கிறது. உருளையைத் தண்டோடு பிடிக்கும் சிறு கிரப் ஸ்க்ரூ தளர்ந்து வழுக்கியிருக்கிறது. ஆலன் கீயால் இறுக்கி, ஸ்க்ரூ கழன்று வராமல் பிடிக்கும் பசையில் ஒரு சொட்டு விட்டதோடு அன்றைய செலவு முடிந்தது.

அந்தக் கோட்டுச் சோதனையை ஒவ்வொரு வியாபாரியும் கற்றுக்கொள்ளலாம். கோடு பிரிந்தால் குற்றம் ஸ்க்ரூவிலோ கப்ளிங்கிலோ இருக்கிறது. கோடு சேர்ந்தே இருந்து, அளவு மட்டும் தவறினால்தான் மோட்டாரையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த சோதனை ஸ்டீல் ஸ்கேலினால் செய்வது. பிலிமில் கறுப்புக் கோட்டைப் பார்க்கும் சென்சார் கண் உள்ள இயந்திரமானால், கண்ணை அணைத்துவிட்டு நீளக் கணக்கில் மட்டும் ஓட்ட வேண்டும். ஏனென்றால் கண் இருக்கும்வரை, மோட்டார் விட்ட குறையைக் கண் சரிக்கட்டிக்கொண்டே வரும். நோய் வெளியே தெரியாது. பொடி இல்லாமல் இருபது பாக்கெட் ஓட்டி ஒவ்வொன்றையும் அளந்து வரிசையாக எழுதுங்கள். எல்லாம் ஒரே அளவு குறைந்தோ கூடியோ இருந்தால் மோட்டார் தவறவில்லை, அமைப்பில் போட்ட எண்தான் தவறு. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்தால் மோட்டார் படி தவறுகிறது, அல்லது உருளையின் ரப்பர் வழவழப்பாகிப் பிலிம் நழுவுகிறது.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு நல்ல கணக்கு உண்டு. படி தவறிய மோட்டார் தன் இஷ்டத்துக்கு எங்காவது நிற்காது. அதன் காந்த அமைப்பு நான்கு படிக்கு ஒருமுறை பழைய நிலைக்கு வருவதால், பிடி விட்ட மோட்டார் மறுபடி பிடித்துக்கொள்ளும்போது நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று நான்கின் மடங்காகத்தான் விட்டிருக்கும். நான்கு படி என்பது 7.2 பாகை, ஒரு சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு. பிலிம் இழுக்கும் உருளை 50 மில்லிமீட்டர் விட்டமாக இருந்து, மோட்டார் தண்டில் நேராக மாட்டியிருந்தால், சுற்றளவு சுமார் 157 மில்லிமீட்டர்; ஐம்பதில் ஒரு பங்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே பாக்கெட் 3 அல்லது 6 மில்லிமீட்டர் குறைந்தால் மோட்டாரைப் பாருங்கள். 1 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் என்று அலைந்தால் ரப்பர் உருளையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, அழுத்தும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். நடுவில் பெல்ட்டோ பல்சக்கரமோ இருந்தால் அந்த விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பொடி இறக்கும் திருகின் பக்கம் வருவோம். நம் வியாபாரத்துக்கு இதுதான் உயிர்நாடி. திருகு ஒரு சுற்றுக்கு 20 கிராம் இறக்குவதாக வைத்துக்கொண்டால் 100 கிராமுக்கு ஐந்து சுற்று. மோட்டார் ஓரிரு முறை நான்கு படி விட்டால் அரை கிராம், ஒரு கிராம் குறையும். தராசில்கூடச் சட்டென்று தெரியாது. ஆனால் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்டெப்பர் ஒருமுறை பிடியை விட்டால் அந்த ஓட்டத்திலேயே மறுபடி சேர்ந்துகொள்வது அரிது. உறுமிக்கொண்டே நின்றுவிடும். அடுத்த பாக்கெட்டுக்கு மெதுவாகத் தொடங்கும்போது ஒன்றும் நடவாதது போல ஓடும். ஆகவே முன்னும் பின்னும் சரியாக இருந்து, நடுவில் ஒரு பாக்கெட் மட்டும் 55 கிராம், 60 கிராம் என்று விழுந்தால், அது ஸ்டெப்பர் நின்றுபோனதன் அடையாளம். மாறாக, எடை மெல்ல மெல்லக் குறைந்து, தொட்டியில் பொடி கொட்டியதும் மறுபடி கூடினால் அது மோட்டாரின் குற்றமே அல்ல. தொட்டியில் பொடி குறையக் குறையத் திருகுக்குள் இறங்கும் பொடியின் நெருக்கமும் குறைகிறது. தொட்டியை எப்போதும் பாதிக்கு மேல் வைத்திருந்தால் போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் மோட்டார் மாற்றியவர்களை நான் அறிவேன்.

திருகு ஏன் நின்று போகிறது? நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபரிலும் கிடங்கில் வைத்த மிளகாய்ப் பொடி ஈரம் குடித்து இறுகும். அந்தப் பொடி திருகுக்கும் குழாய்க்கும் நடுவில் அப்பிக்கொள்ளும்போது, மற்ற நாளில் லேசாகச் சுற்றிய மோட்டாருக்கு அது பெரும் சுமை. கல் உப்புப் பொடியும் சர்க்கரை கலந்த பானப் பொடியும் இன்னும் மோசம். மழை நாளில் இரவு இயந்திரத்தை நிறுத்தும்போது தொட்டியைக் காலி செய்து, திருகைக் கழற்றித் துடைத்து வைத்தால், காலையில் வரும் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். கடலோர ஊர்க்காரர்கள் பேரிங்கின் துருவையும் பார்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கையால் திருகைச் சுற்றிப் பார்த்தாலே எங்கே கட்டுகிறது என்று தெரியும்.

சுமைக்கு அடுத்தது வேகம். ஸ்டெப்பர் மோட்டாருக்கு மெதுவாக ஓடும்போது பலம் அதிகம், வேகம் கூடக் கூடப் பலம் குறையும். வேகமாக ஓடும்போது கம்பிச் சுருளில் மின்னோட்டம் முழுதாக ஏறுவதற்குள் அடுத்த படிக்கு மாற வேண்டியிருப்பதே காரணம். நிமிடத்துக்கு இருபத்தைந்து பாக்கெட் போட்ட இயந்திரத்தை, தீபாவளி நெருக்கடியில் நாற்பதுக்கு ஏற்றினால் படி தவறாமல் என்ன செய்யும்? அதிலும் ஓட்டத்தின் உச்ச வேகத்தைவிட, நின்ற நிலையிலிருந்து எவ்வளவு சட்டென்று வேகம் பிடிக்கச் சொல்கிறோம் என்பதே முக்கியம். கட்டுப்பாட்டுப் பெட்டியில் வேகமேற்றும் நேரத்துக்குத் தனியே ஓர் எண் இருக்கும். உச்ச வேகத்தைத் தொடாமல் அதை மட்டும் சற்று நிதானப்படுத்திப் பாருங்கள். பல இயந்திரங்கள் அதிலேயே அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட நடு வேகத்தில் மட்டும் மோட்டார் உறுமி நடுங்கினால் அது அதிர்வுக் கோளாறு. அந்த வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ தாண்டிவிட வேண்டும்.

இனி மின்சாரம். மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் டிரைவர் என்ற சிறு பெட்டியின் பக்கவாட்டில் குட்டி சுவிட்சுகள் இருக்கும். எந்த நிலைக்கு எத்தனை ஆம்பியர் என்று மேலேயே அட்டவணை அச்சிட்டிருக்கும். மோட்டாரின் தகட்டில் உள்ள ஆம்பியரோடு அதை ஒத்துப் பார்க்க வேண்டும். குறைத்து வைத்திருந்தால் பலம் போதாது. மோட்டார் கை வைக்க முடியாமல் சுடுகிறதே என்று சிலர் குறைத்து விடுகிறார்கள். இந்த வகை மோட்டார் ஓரளவு சுடுவது இயல்பு. ஆனால் டிரைவர் சுடுவது வேறு விஷயம். அளவு மீறிச் சுட்டால் அது தன்னைக் காத்துக்கொள்ள நிறுத்திக்கொள்ளும், சில வகைகள் ஆறியதும் தாமே மீண்டும் ஓடத் தொடங்கும். காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்கு மேல் தவறுகிற இயந்திரமானால் பெட்டியைத் திறந்து விசிறியைப் பாருங்கள். மிளகாய்ப் பொடியும் மாவும் படிந்து சுற்றாமல் நிற்கும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு போட்டதும் தவறினால் வோல்டேஜைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டாரின் ஒயரைப் பிடுங்கவோ செருகவோ கூடாது. அந்த ஒரு தீப்பொறியில் டிரைவர் செத்துவிடும். ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பதாயிருந்தாலும் மெயினை அணைத்து, சில நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். நகரும் பாகத்தோடு சேர்ந்து ஆடுகிற ஒயர் உள்ளுக்குள் அறுந்து, மேலே உறை மட்டும் முழுதாக இருப்பதும் உண்டு.

பாக்கெட் ஓரத்தை ஒட்டும் ஹீட்டரின் ஒயரும், மோட்டாருக்குத் துடிப்பு கொண்டுபோகும் மெல்லிய ஒயரும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தால், ஹீட்டர் அணைந்து எரியும் ஒவ்வொரு தடவையும் மெல்லிய ஒயரில் பொய்த் துடிப்பு ஏற வாய்ப்புண்டு. அப்போது மோட்டார் கேளாத படியையும் வைக்கும். இரண்டையும் பிரித்துக் கட்டி, துடிப்பு ஒயரை உலோகப் பின்னல் உறையுள்ளதாக மாற்றி, அந்த உறையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேர்த்தால் தீரும்.

எழுத்து வெட்டும் சி.என்.சி.யில் இதே நோய்கள் வேறு முகத்தில் வரும் என்பதை அந்தத் தம்பியின் பட்டறையில் பார்த்தேன். பாதி எழுத்து சரியாக இருந்து, ஓரிடத்துக்குப் பிறகு எல்லாம் ஒரே அளவு தள்ளி வெட்டினால், கத்தி ஆழமாக மாட்டிய அந்த ஒரு கணத்தில் படி தவறியிருக்கிறது. வட்டம் நீள்வட்டமானால் படி தவறவில்லை. திருகாணியும் நட்டும் தேய்ந்து ஆட்டம் கொடுக்கிறது, அந்த ஆட்டம் நாள் முழுக்க ஓட்டினாலும் கூடாது. முன்னும் பின்னும் போகப் போகச் சிறிது சிறிதாக ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போனால், திசை மாற்றும் கட்டளை படிக் கட்டளைக்குச் சற்று முன்னதாக வந்து சேரவில்லை என்று பொருள். நொடியின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு அளவுக்கு முந்தி வந்தால் பல டிரைவர்களுக்குப் போதும், அதுவும் இல்லாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நுண்படி போகும். அவர் கத்தியைக் கழற்றிப் பேனாவை மாட்டி, புறப்பட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்து, ஐம்பது தடவை போய் வரச் செய்து மறுபடி புள்ளி வைப்பார். இரண்டு புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் வாடிக்கையாளரின் பலகையை மெஷினில் ஏற்றுவார். ஐந்நூறு ரூபாய் அக்ரிலிக் தாளைவிட ஒரு தாள் காகிதம் மலிவு என்பது அவர் கணக்கு.

நமக்கு நட்டம் தாளோடு முடிவதில்லை. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும், பாக்கெட்டில் அச்சிட்ட எடைக்கு அதைப் போட்டவரையே பொறுப்பாக்குகின்றன. தனி ஒரு பாக்கெட்டில் குறையக்கூடிய எல்லையை விதிகளின் அட்டவணை சொல்கிறது: 100 கிராம் பாக்கெட்டுக்கு 4.5 கிராம், 200 கிராமுக்கு 9 கிராம். அதற்காக எல்லாப் பாக்கெட்டிலும் 4 கிராம் குறைத்துப் போடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். சோதனைக்கு எடுக்கும் பாக்கெட்டுகளின் சராசரி, அச்சிட்ட எடைக்குக் குறையவே கூடாது. நம் தொழிலாளர் துறை ஆய்வாளர் எடுக்கும் பாக்கெட்டில் ஸ்டெப்பர் நின்றுபோன அந்த ஒன்று இருந்துவிட்டால், மோட்டார் மேல் பழி போட முடியாது. ஆகவே மணிக்கு ஒருமுறை பத்து பாக்கெட்டை முத்திரையிட்ட தராசில் வைத்து, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சராசரியும் தெரியும், எந்த நேரத்தில் என்ன கோளாறு என்பதும் தெரியும். மெக்கானிக் வரும்போது அந்த நோட்டை முன்னால் வைத்தால் போர்டு மாற்றும் பேச்சே குறைந்துவிடுகிறது.

புதிதாக இயந்திரம் வாங்குவோர் விற்பவரிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது பின்பக்கம் என்கோடர் பொருத்திய ஸ்டெப்பர் மோட்டார் வருகிறது. வைத்த படியைத் தானே எண்ணிப் பார்த்து, குறைந்தால் ஈடுகட்டும்; முடியாவிட்டால் நின்று மணியடிக்கும். விலை கூடுதல்தான். அதுவும் தன் தண்டு சுற்றியதைத்தான் எண்ணும், கிரப் ஸ்க்ரூ வழுக்கியதை அறியாது. நெயில் பாலிஷ் கோடு அதற்கும் வேண்டும். இரண்டு மோட்டாருக்கும் போட வசதியில்லாதவர்கள் பொடித் திருகுக்கு மட்டும் அதைப் போட்டுக்கொண்டால் போதும். பிலிம் இழுக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளக் கறுப்புக் கோடும் சென்சார் கண்ணும் இருக்கின்றன.